ஒரே மாட்டுப் பால்தான், பசி மட்டும் ஏன் வேறு வேறு நேரத்தில் வருகிறது?

பாலக்காடு மாவட்டத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தோப்பும் இரண்டு கறவை மாடும் வைத்திருக்கும் ஓர் அண்ணன் கேட்டிருக்கிறார். காலையில் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டு வந்து ஒரு பெரிய டம்ளர் பால் குடித்தால் ஒன்பதரைக்கெல்லாம் பசிக்கிறதாம். மோர் குடித்தால் குடித்த கையோடு வயிறு முட்டுகிறது, ஒரு மணி நேரத்தில் போன இடம் தெரியவில்லை. பழைய சோற்றில் கெட்டித் தயிர் ஊற்றிப் பிசைந்து சாப்பிட்டால் மட்டும் மதியம் வரை தாங்குகிறது. எல்லாம் ஒரே மாட்டுப் பால், பிறகு ஏன் இப்படி? எடையைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார் டாக்டர், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? கடைப் பால் வாங்கினால் நீலப் பாக்கெட்டா ஆரஞ்சுப் பாக்கெட்டா? வீட்டில் எழுபதைத் தாண்டிய அம்மா சரியாகவே சாப்பிடுவதில்லை, அவருக்கும் இதே கணக்குதானா?

நான் உணவியல் படித்து, பாலக்காட்டில் ஆலோசனை சொல்லும் வேலையில் இருப்பவள். கோபாலபுரம், வேலந்தாவளம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரத்திலிருந்து வருகிறவர்கள் பெரும்பாலும் மாடு வைத்திருப்பவர்கள், இல்லையென்றால் மாட்டுக்காரர் வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பவர்கள். அதனால் இந்தக் கேள்வி ஏதோ ஒரு வடிவில் அடிக்கடி வரும். அண்ணா, நீங்கள் கவனித்தது சரிதான். எந்த மாடு, எவ்வளவு ஃபேட் என்பதைவிட, அந்தப் பால் எந்த வடிவத்தில், எவ்வளவு வேகமாக, எதோடு சேர்ந்து வயிற்றுக்குள் போகிறது என்பதுதான் பசியைத் தீர்மானிக்கிறது.

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்வோம். சாப்பிடும்போது ‘போதும்’ என்று கையை எடுக்க வைப்பது ஒன்று. சாப்பிட்ட பிறகு அடுத்த பசி எத்தனை நேரம் கழித்து வருகிறது என்பது இன்னொன்று. முதலாவதில் இரைப்பை விரிவதற்குப் பெரிய பங்கு உண்டு. சுவர் விரிந்தால் நரம்பு வழியாக மூளைக்குச் சேதி போய்விடும், உள்ளே இருப்பது தண்ணீரா சோறா என்று அது அவ்வளவாகப் பார்ப்பதில்லை. இரண்டாவதைத் தீர்மானிப்பது, இரைப்பை எவ்வளவு மெதுவாகக் காலியாகிறது, சிறுகுடலுக்கு என்னென்ன வந்து சேர்கிறது என்பது. கொழுப்பும் புரதமும் வந்தால் சிசிகே, ஜிஎல்பி-1 மாதிரியான ஹார்மோன்கள் சுரந்து, இரைப்பையின் வேகத்தையும் பசியையும் குறைக்கும். மோர் முதலாவதில் கெட்டிக்காரன், இரண்டாவதில் ரொம்பச் சுமார்.

இனி பாலுக்கு வருவோம். பசும்பாலில் உள்ள புரதத்தில் சுமார் 80 சதவீதம் கேசின், மீதி 20 சதவீதம் வே (whey), அதாவது பால் திரிந்தால் தெளிநீரோடு போகும் புரதம். எலுமிச்சைச் சாறு விட்டால் பால் திரிந்து, பன்னீர் தனியாக, பச்சை கலந்த தண்ணீர் தனியாக நிற்குமே, கிட்டத்தட்ட அதேதான் நம் இரைப்பையிலும் நடக்கிறது. அமிலமும் பெப்சின் என்ற நொதியும் சேர்ந்து கேசினை உறைய வைக்கின்றன. அந்தக் கட்டி கொழுப்பையும் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கரையும். வே உறையாது, தண்ணீரோடு சீக்கிரமே குடலுக்கு இறங்கிவிடும். 1997-ல் பிரான்ஸில் செய்த ஓர் ஆய்வு இதை அழகாகக் காட்டியது. வே புரோட்டீன் குடித்தவர்களின் ரத்தத்தில் அமினோ அமிலங்கள் சட்டென்று ஏறிச் சட்டென்று இறங்கின. கேசின் குடித்தவர்களிடம் அவ்வளவு உயரம் போகவில்லை, ஆனால் ஏழு மணி நேரம் போலத் தொடர்ந்து வந்துகொண்டே இருந்தன.

அப்படியென்றால் கேசின்தான் பசி தாங்கும் என்று முடித்துவிடலாமே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். 2003-ல் பிரிட்டனில் ஓர் ஆய்வு. 48 கிராம் வே கலந்த பானத்தைக் குடித்தவர்கள், அதே அளவு கேசின் குடித்தவர்களைவிட, ஒன்றரை மணி நேரம் கழித்து வைத்த சாப்பாட்டில் குறைவாகச் சாப்பிட்டார்கள். சிசிகே, ஜிஎல்பி-1 இரண்டுமே அவர்களுக்குக் கூடுதலாக ஏறியிருந்தன. என் பார்வையில் இரண்டுக்கும் சண்டையில்லை. ஒன்றரை மணி நேரத்தில் அளந்தால் வேகமாக வேலை செய்வது ஜெயிக்கும், நாலு மணி நேரம் கழித்து அளந்தால் மெதுவாக வேலை செய்வதற்கு வாய்ப்பு அதிகம். இன்னொன்றையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். 48 கிராம் வே பாலிலிருந்தே வர வேண்டுமென்றால் ஏழு லிட்டருக்கு மேல் பால் வேண்டும். டம்ளர் பாலில் இருப்பது ஒன்றரை கிராமுக்குக் கீழே. ஆகவே ஜிம் கடையில் பெரிய டப்பாவில் விற்கும் பவுடரைப் பற்றிய ஆய்வை நம் வீட்டு டம்ளருக்கு ஒட்டிப் பேசுவது நியாயமில்லை.

இப்போது ‘பால் இயற்கையான ஜிஎல்பி-1 ஊசி’ என்ற பேச்சு வேறு கிளம்பியிருக்கிறது. நம் குடலில் சுரக்கும் ஜிஎல்பி-1 ரத்தத்தில் இரண்டு மூன்று நிமிடத்தில் பாதியாகச் சிதைந்துவிடும். அதைப் போலவே வேலை செய்யும்படி செய்த, எடை குறைக்கப் போடும் செமாகுளூடைட் ஊசி மருந்தில் பாதி சிதையவே ஒரு வாரம் போல ஆகும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுகிறவர் ஏதோ விற்க வந்தவர் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, பாலில் இவ்வளவு கேசின் இருந்தும் உங்களுக்கு ஒன்பதரைக்கே ஏன் பசிக்கிறது? மூன்று காரணம் சொல்லலாம். முதலாவது, அளவு. 200 மில்லி டோன்டு பாலில் (கொழுப்பு குறைத்த பாக்கெட் பால்) புரதம் 6 கிராம் சொச்சம், கலோரி 120-க்குள். ஐந்து மணிக்கு எழுந்து சாணி அள்ளி, தீவனம் வைத்து, கறந்து, கேன் தூக்கிப் போய் வந்த உடம்புக்கு அது எந்த மூலைக்கு? இரண்டாவது, வேகம். டம்ளரை எடுத்து அண்ணாந்தால் அரை நிமிடத்தில் முடிந்தது. வாயில் உணவு தங்கும் நேரமும் மெல்லுவதும் ‘சாப்பாடு வந்திருக்கிறது’ என்று மூளைக்குச் சொல்லும் வழிகள். ஒரே கலோரியை நீராகக் குடித்தால் அதைக் கெட்டியாகச் சாப்பிட்ட அளவுக்கு உடம்பு கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை என்பது இந்தத் துறையில் பலமுறை பார்த்த விஷயம். மூன்றாவது, நாம் பாலைப் பொங்கப் பொங்கக் காய்ச்சுகிறோம். நன்றாகக் காய்ந்த பாலில் வே புரதம் உருக்குலைந்து கேசினோடு ஒட்டிக்கொள்வதால், வயிற்றில் உறையும் கட்டி பச்சைப் பாலில் உறைவதைவிட மிருதுவாக, உதிரியாக இருக்கும், சீக்கிரம் கரையும். அதற்காகப் பச்சைப் பால் குடிக்கக் கிளம்பிவிடாதீர்கள். புரூசெல்லோசிஸ் என்ற தொற்றுக் காய்ச்சலும் காசநோயும் அப்படித்தான் வீட்டுக்கு வரும். மாடு வைத்திருப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

தயிர் எப்படி வேறுபடுகிறது? உறையூற்றும்போது பால் சர்க்கரையில் ஒரு பங்கு, சுமாராகக் கால் பங்கு, லாக்டிக் அமிலமாகிறது. புரதமும் கொழுப்பும் அப்படியே இருக்கின்றன. கலோரியிலும் பெரிய மாற்றமில்லை. ஆனால் கேசின் முன்பே வலைபோலப் பின்னிக்கொண்டு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதனால் பாலைவிடத் தயிர் இரைப்பையில் கூடுதல் நேரம் தங்குகிறது. உறியிலிருந்து இறக்கிய சட்டியில் கரண்டியைப் போட்டால் வெட்டுப்பட்ட இடம் அப்படியே நிற்க வேண்டும், ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெளிநீர் ஊற வேண்டும். அந்தப் பதத்தில் உள்ள தயிரை யாரும் அண்ணாந்து குடிக்க முடியாது. கரண்டியால்தான் சாப்பிட வேண்டும், நேரம் எடுக்கும். கடையில் கோப்பையில் விற்கும் பழச்சுவைத் தயிருக்கு இந்த நல்ல பெயரைக் கொடுக்காதீர்கள். அதில் சேர்த்திருக்கும் சர்க்கரையைப் பின்பக்கம் படித்துப் பாருங்கள்.

தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு இரண்டு மூன்று மணி நேரம் வடித்தால் இன்னும் நல்லது. சாதாரணத் தயிரில் 100 கிராமுக்கு 3 கிராம் சொச்சம் புரதம், வடித்ததில் 8 கிராம் வரை வரும். வடக்கே இதில் ஸ்ரீகண்ட் செய்கிறார்கள், பெரிய கடைகளில் கிரீக் யோகர்ட் என்று விலை ஏற்றி விற்கிறார்கள். சொந்தப் பால் இருக்கிறவர் அதைக் காசு கொடுத்து வாங்குவது அநியாயம். வடிந்த நீரைக் கீழே ஊற்றாமல் குழம்பில் சேர்த்துக்கொள்ளலாம், புளிப்புக்கு நன்றாக இருக்கும்.

உங்கள் பழைய சோற்றுக்குத் தயிர் மட்டும் காரணமில்லை. ஒரு கிண்ணம் சோறும் இருக்கிறது, அதன் எடை இருக்கிறது, கூடக் கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமோ மோர் மிளகாயோ இருக்கிறது. ஆறிய சோற்றில் மாவுச்சத்தில் கொஞ்சம் எளிதில் செரிக்காத வகையாக மாறியிருக்கும். தயிரின் புரதமும் புளிப்பும் சேரும்போது ரத்தத்தில் சர்க்கரை ஏறும் வேகமும் கொஞ்சம் மட்டுப்படும். வெறும் தயிரை மட்டும் சாப்பிட்டிருந்தால் மதியம் வரை தாங்கியிருக்காது. அதே மாதிரி, அம்மா காலத்தில் கம்பங்கூழில் மோர் ஊற்றிக் குடித்துவிட்டு உச்சி வரை காட்டில் நின்றார்களே, அங்கே தாங்கியது கம்பு, மோர் அதை இறக்குவதற்கு.

மோரைப் பற்றி இதைச் சொன்னால் இந்த ஊரில் அடிக்க வருவார்கள், இருந்தாலும் சொல்கிறேன். ஒரு குழிக்கரண்டித் தயிருக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்றி, இஞ்சி, பச்சைமிளகாய், கறிவேப்பிலை தட்டிப் போட்டு, நாரத்தை இலை கிள்ளிப் போட்ட சம்பாரம், பங்குனி வெயிலில் அமிர்தம்தான். ஆனால் ஒரு டம்ளரில் இருக்கும் புரதம் ஒன்றரை கிராம், கலோரி முப்பது போல. இரைப்பை விரிகிறது, தண்ணீர் இறங்குகிறது, திரும்பச் சுருங்குகிறது. ‘மோர் குடித்தால் பசியே எடுப்பதில்லை’ என்பவர்களிடம் எந்த மாதத்தில் என்று கேட்டால் மார்ச், ஏப்ரல் என்பார்கள். பாலக்காட்டில் அந்த நேரம் வெயில் நாற்பதைத் தொடும், சூட்டில் யாருக்கும் பசி மந்தமாகத்தான் இருக்கும். புகழ் மட்டும் மோருக்குப் போகிறது. இருந்தாலும் எடை குறைப்பவருக்கு மோர் வேறு விதத்தில் உதவும். பதினோரு மணிக்கு உண்மையில் வருவது பசியா தாகமா என்று தெரியாத நேரத்தில், பால் சாயாவும் பழம்பொரியும் இருக்க வேண்டிய இடத்தை ஒரு டம்ளர் சம்பாரம் பிடித்துக்கொண்டால் அது லாபம். பிரஷர் இருந்தால் உப்பை மட்டும் குறைத்துப் போடுங்கள்.

இப்போது நீலமா ஆரஞ்சா. எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில் போய் ஆவின் வாங்கினால் நீலம் என்பது டோன்டு பால், 3 சதவீதம் கொழுப்பு. பச்சை 4.5. ஆரஞ்சு ஃபுல் கிரீம், 6 சதவீதம். எருமைப் பால் என்றால் 7 வரைகூடப் போகும். இந்தப் பக்கம் கேரளத்து மில்மாவிலும் எந்த நிறமானாலும் பாக்கெட்டில் ஃபேட்டும் எஸ்.என்.எஃப்.-உம் (கொழுப்பு நீங்கலாகப் பாலில் உள்ள திடப்பொருள்) அச்சடித்திருக்கும். உங்களுக்குச் சொசைட்டிக் கணக்கு தெரியும் என்பதால் அந்த மொழியிலேயே சொல்கிறேன். சொசைட்டியில் ஃபேட் ஏறினால் விலை ஏறும். பசிக் கணக்கில் எஸ்.என்.எஃப்.-க்குள் இருக்கும் புரதத்துக்குத்தான் கூடுதல் மதிப்பு. அது நீலத்திலும் ஆரஞ்சிலும் கிட்டத்தட்ட ஒன்றுதான். 200 மில்லியில் வித்தியாசப்படுவது 6 கிராம் கொழுப்பு, அதாவது 54 கலோரி.

கொழுப்பு இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்தும் என்பது உண்மை. ஆனால் கொடுக்கும் கலோரிக்கு ஏற்ற அளவு பசியைத் தள்ளிப்போடுவதில்லை. அதனால் கெட்டிப் பால் குடித்தவர் அடுத்த வேளையில் அந்த 54 கலோரியைச் சரியாகக் குறைத்துச் சாப்பிட்டுவிடுவார் என்று நம்ப முடியாது. ஒரு நாளைக்கு ஒரு டம்ளர்தான் என்றால் இதில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், பிடித்ததைக் குடிக்கலாம். நாலு வேளை சாயா, இரண்டு வேளை தயிர் என்று அரை லிட்டரைத் தாண்டினால் நீலம் நல்லது. வீட்டுப் பால் என்றால் காய்ச்சி ஆற வைத்து மேலே படியும் ஆடையை எடுத்துவிடுங்கள், பாதி வேலை முடிந்தது.

நெய்க்கு வந்தால் கணக்கு இன்னும் தெளிவாகிவிடும். அதில் புரதமும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. ‘காலையில் வெறும் வயிற்றில் நெய் குடித்தால் பசி அடங்கும்’ என்ற வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அடங்கத்தான் செய்யும், கொஞ்சம் குமட்டலும் அதற்கு உதவும். பருப்புச் சோற்றில் ஒரு தேக்கரண்டி விடுங்கள், ருசிக்கு அது போதும்.

1995-ல் சிட்னி பல்கலைக்கழகத்தில் 38 உணவுகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் சுமார் 240 கலோரி அளவு கொடுத்து, இரண்டு மணி நேரம் வயிறு எப்படி இருக்கிறது என்று கேட்டுக் கேட்டுக் குறித்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 மதிப்பெண் என்று வைத்துக்கொண்டதில், வேகவைத்த உருளைக்கிழங்கு 323 வாங்கி முதலில் நின்றது. சீஸ் 146, ஐஸ்கிரீம் 96, யோகர்ட் 88, வெண்ணெய் போட்டுச் செய்யும் குரோசான் 47 வாங்கிக் கடைசி. யோகர்ட் ஐஸ்கிரீமுக்கும் கீழேயா என்று அதிர்ச்சியாக வேண்டாம். ஒவ்வோர் உணவையும் சாப்பிட்டவர்கள் பதினொன்று முதல் பதின்மூன்று பேர்தான், இரண்டு மணி நேரம்தான். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: பாலிலிருந்து வந்ததாலேயே ஒரு பொருள் பசி தாங்காது. சீஸ் தாங்கியதற்குப் புரதமும் கெட்டித் தன்மையும் காரணம். நம் பன்னீரும் அந்த ஜாதிதான். 50 கிராமில் 9 கிராம் புரதம், கலோரி 145 போல. ஆனால் எண்ணெயில் பொரித்துக் கிரேவியில் போட்டால் கலோரி எங்கேயோ போய்விடும். தோசைக்கல்லில் மிளகுத்தூள் போட்டுச் சூடு காட்டினாலே போதும்.

பால் பாயசம், பாலடைப் பிரதமன் எல்லாம் வேறு கதை. ஓணச் சத்யை விருந்தில் பருப்பு, சாம்பார், ரசம் என்று மூக்குப் பிடிக்கச் சாப்பிட்டு, இனி ஒரு பருக்கை இறங்காது என்ற நிலையில் பாயசம் வந்தால் இரண்டு கரண்டி இறங்குகிறதே, அதற்குக் காரணம் உண்டு. காரம், உப்பு, புளிப்பில் தெவிட்டிய நாக்குக்கு இனிப்பு புதிது. ஒரு சுவையில் வந்த நிறைவு அந்தச் சுவையோடு நின்றுவிடுகிறது, மற்றதற்கு இடம் கிடைக்கிறது. 1981-லேயே இதை ஆராய்ச்சியில் காட்டியிருக்கிறார்கள். பாயசத்தில் இருக்கும் பால் இந்த இடத்தில் பசியைத் தடுக்க ஒன்றும் செய்வதில்லை, இறங்குவதற்கு வழுவழுப்புதான் தருகிறது. வருஷத்துக்கு ஒரு சத்யை யாரையும் குண்டாக்காது. ராத்திரி தூங்கும் முன் நாலு கரண்டி மால்ட் பவுடரும் சர்க்கரையும் கலந்து குடிக்கும் பால்தான் தினசரிப் பாயசம்.

இன்னொன்று, வயிறு ‘திம்’மென்று இருப்பதையெல்லாம் நிறைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குழந்தைப் பருவம் தாண்டியதும் பால் சர்க்கரையைச் செரிக்கும் லாக்டேஸ் நொதி நம்மில் நிறையப் பேருக்குக் குறைந்துவிடுகிறது. தென்னிந்தியாவில் இது சகஜம். செரிக்காத சர்க்கரை பெருங்குடலில் நுரைத்து வாயு பிடிக்கும், சாப்பிடத் தோன்றாது, ஆனால் அது பசி அடங்கியதல்ல. பால் குடித்த ஒன்றிரண்டு மணி நேரத்தில் உப்புசம், குடைச்சல், இளக்கம் வந்தால் பாலை விட்டுத் தயிருக்கு மாறிப் பாருங்கள். தயிரில் உள்ள நுண்ணுயிர்களே அந்தச் சர்க்கரையைச் செரிக்கக் கொஞ்சம் உதவும்.

ஆக, அண்ணா, உங்கள் இடத்தில் நான் இருந்தால் காலைப் பாலை அரை டம்ளராக்கி, சர்க்கரை போடாமல், ஏழரை எட்டு மணிச் சாப்பாட்டோடு சேர்த்துவிடுவேன். சாப்பாடு பழைய சோறாகவே இருக்கட்டும். சோற்றில் ஒரு கை குறைத்து, தயிரை ஒரு கரண்டி கூட்டி, கூட ஒரு முட்டையோ ஒரு பிடி சுண்டலோ வைத்துக்கொள்ளுங்கள். பதினோரு மணிக்கு மோர். மாலையில் தேவைப்பட்டால் வடித்த தயிரில் வெள்ளரி அரிந்து போட்டு உப்பு மிளகு. சாயா இரண்டு வேளையோடு நிற்கட்டும். அதில் இருக்கும் ஐம்பது மில்லி பால் பசிக்கு ஒன்றும் செய்யாது, இரண்டு ஸ்பூன் சர்க்கரை இடுப்புக்கு நிறையச் செய்யும். சர்க்கரை நோய் மாத்திரையோ சிறுநீரகத் தொந்தரவோ இருந்தால் புரதத்தைக் கூட்டும் முன் உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அம்மாவுக்கு இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். அவருக்குப் பசி குறைவு, கொஞ்சம் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடுகிறது, தசை கரையும் வயசு. உங்களுக்குக் குறையாக இருந்த அதே விஷயம், குடிக்கும் பால் சீக்கிரம் இறங்கிவிடும் என்பது, அவருக்கு நல்லது. வீட்டுப் பாலை ஆடை எடுக்காமல் கொடுங்கள். ஆனால் சாப்பாட்டுக்கு முன்னால் வேண்டாம், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அரை டம்ளர் அரை டம்ளராக. கஞ்சியிலும் ராகிக் கூழிலும் கொழுப்பு நீக்கிய பால் பவுடர் இரண்டு கரண்டி கட்டியில்லாமல் கரைத்துவிட்டால் அளவு கூடாமல் ஐந்தாறு கிராம் புரதம் கூடும். சோற்றுக்கு முன்னால் ஒரு சொம்பு மோர் கொடுக்கிற பழக்கம் வீட்டில் இருந்தால் அதைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளுங்கள். வெறும் மோர் வயிற்றை அடைத்துக்கொண்டால் அப்புறம் சோறு எங்கே இறங்கும்? எடை ஒரே மாதத்தில் சட்டென்று இறங்கியிருந்தாலோ, விழுங்கச் சிரமம் என்று சொன்னாலோ, பாலில் எதைக் கலக்கலாம் என்று யோசித்துக்கொண்டிருக்காமல் முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.